வாக்கெடுப்பு ஒரு மண்டபத்தில், பயிலரங்கு அடுத்த மண்டபத்தில்

அமெரிக்கப் புரோட்டஸ்டன்ட் திருச்சபைகளின் தேசிய மாநாடுகளுக்கு இரண்டு வேலைகள் உண்டு. வரவுசெலவுத் திட்டத்தை ஏற்பது, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பது, சட்டவிதிகளைத் திருத்துவது, தீர்மானம் நிறைவேற்றுவது எல்லாம் முதல் வேலை. இது அலுவல் கூட்டம். பயிலரங்கு, சிறப்புச் சொற்பொழிவு, இறையியல் கல்லூரிகளின் பழைய மாணவர் விருந்து, புத்தகக் கண்காட்சி, இளைஞர் கூடுகை, இசை என்று விருப்பப்பட்டவர் விருப்பப்பட்டதற்குப் போகும் நிகழ்ச்சிகள் இரண்டாவது வேலை. இரண்டும் ஒரே ஊரில், ஒரே மாநாட்டு மையத்தில், அதே சில நாட்களுக்குள் நடந்தாக வேண்டும். காலை பத்து மணிக்குப் பெரிய மண்டபத்தில் சட்டத்திருத்த விவாதம் என்றால், அதே பத்து மணிக்கு மாடியில் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி இருக்கும். முகூர்த்தத்தையும் பந்தியையும் ஒரே நேரத்துக்கு வைத்த கல்யாண வீடு மாதிரிதான். எது நடந்தாலும் பாதிப் பேர் இன்னொன்றில் இருப்பார்கள்.

இந்தச் சிக்கல் எல்லா மத மாநாடுகளுக்கும் உரியதல்ல. கேரளத்தில் பம்பை ஆற்று மணலில் நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் மாரமண் கன்வென்ஷனுக்குப் போகிறவர்கள் பிரசங்கம் கேட்கவே போகிறார்கள். மார்த்தோமா சபையின் பிரதிநிதி மன்றம் வேறொரு சமயத்தில் தனியாகக் கூடி நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறது. பிரசங்கப் பந்தலுக்குள் கணக்கறிக்கை வருவதில்லை. அமெரிக்கத் திருச்சபைகள் பலவும் இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்ததற்குத் தூரமும் செலவும் காரணங்கள். ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு விமானக் கட்டணம், விடுதி வாடகை, வேலையில் எடுக்கும் விடுப்பு என்று செலவழித்து வருகிறவரை, வந்த இடத்தில் வாக்களித்துவிட்டு மட்டும் போகச் சொல்ல முடியாது. நிகழ்ச்சிகள் இல்லாவிட்டால் பலர் வரவே மாட்டார்கள். அவர்கள் கட்டும் பதிவுக் கட்டணத்திலிருந்துதான் மண்டப வாடகையும் கொடுபடுகிறது.

மோதல் இரண்டு வகையில் வருகிறது. ஒன்று, நிரல் அச்சாகும்போதே இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டுவிடுவது. இதைக் கவனமாகத் திட்டமிட்டால் பெருமளவு தவிர்க்கலாம். மற்றது, அலுவல் கூட்டம் குறித்த நேரத்தில் முடியாமல் இழுப்பது. இதை யாராலும் முழுக்கத் தடுக்க முடியாது. ஒரு பயிலரங்கு எழுபத்தைந்து நிமிடம் என்றால் எழுபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். விவாதம் அப்படியல்ல. ஒருவர் திருத்தம் கொண்டுவருவார், இன்னொருவர் அந்தத் திருத்தத்துக்குத் திருத்தம் கொண்டுவருவார், மூன்றாமவர் எழுந்து நடைமுறை பற்றி ஐயம் எழுப்புவார், கையை எண்ணித் தீராமல் சீட்டு எழுதி எண்ண வேண்டி வரும். பத்து நிமிடத்துக்கு ஒதுக்கிய பொருள் ஒன்றரை மணி நேரத்தைத் தின்றுவிடும்.

அமெரிக்கக் கூட்டங்கள் பலவற்றை ஆளும் ‘ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் ஆர்டர்’ என்ற நடைமுறை நூலே இப்படியொரு கூட்டத்தில் பிறந்ததுதான். ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1863இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டில், ஒரு தேவாலயத்தில் நடந்த கூட்டத்துக்குத் தலைமை தாங்க நேர்ந்தது. கூட்டம் கட்டுமீறிப் போனது; அவருக்கு அடக்கத் தெரியவில்லை. அந்தச் சங்கடத்தில் படிக்கத் தொடங்கியவர் 1876இல் நூலை வெளியிட்டார். குறித்த நேரத்தில் எடுத்தே ஆக வேண்டிய பொருள்கள் என்ற ஏற்பாடு இந்த நடைமுறையில் உண்டு. அந்த நேரம் வந்ததும் ஓடிக்கொண்டிருக்கும் விவாதம் நிற்க வேண்டும். விவாதத்தை நீட்ட வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. வழிபாடும் சொற்பொழிவும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டால் பாதுகாப்பாக இருக்கும். அதற்கு விலையாக விவாதம் பாதியில் அறுபடும். மைக்குக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் பேசாமலே இருக்கைக்குத் திரும்புவார்கள்.

நாட்களைப் பிரித்து வைத்து மோதலைத் தவிர்க்கப் பார்த்த திருச்சபைக்குச் சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் நல்ல எடுத்துக்காட்டு. 1845இல் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் தொடங்கிய இந்த அமைப்பின் ஆண்டுக்கூட்டம் ஜூன் மாதத்தில், செவ்வாய், புதன் ஆகிய இரண்டே நாட்கள் நடக்கிறது. ஊர்ச் சபைகள் அனுப்புகிறவர்களுக்கு ‘மெசஞ்சர்’ என்று பெயர். ஒரு சபைக்கு அதிகபட்சம் 12 பேர். போதகர் மாநாடு ஞாயிறு மாலை தொடங்கித் திங்களன்று முடிந்துவிடும். பெண்கள் மிஷனரி ஒன்றியத்தின் கூட்டமும் அதற்குள் நடந்துவிடும். அலுவல் நாட்களுக்கு ஒரு தனிக் குழு நிரல் வகுக்கிறது. உறுப்பினர்கள் கொண்டுவரும் தீர்மானங்களை எந்த நேரத்தில் எடுப்பது என்பதும் அதன் கையில். பார்க்க ஒழுங்கான ஏற்பாடுதான்.

ஆனாலும் இரண்டு நாளில் இடுக்குகள் ஏராளம். புதன்கிழமை நண்பகலில் இறையியல் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக விருந்து வைக்கின்றன. இருபது ஆண்டுக்கு முன் ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர்கள் சந்திப்பது அங்கேதான்; அலுவல் மண்டபத்தில் அல்ல. விருந்து நீண்டால் பிற்பகல் அமர்வு காலி நாற்காலிகளோடு தொடங்கும். இரவு ஒன்பது மணிக்கு மேல் வேறு அமைப்புகளின் கலந்துரையாடல்கள். தலைவர் தேர்தலுக்காகவே வருகிறவர்கள் அது முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதும் பழைய கதை. அமைப்புக்குள் இருந்த இரு அணிகளின் மோதல் உச்சத்தில் இருந்த 1985இல், டல்லஸ் கூட்டத்துக்கு 45,519 பேர் பதிவு செய்தார்கள். அந்த எண்ணிக்கை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவ்வளவு பேரை இழுத்தது பயிலரங்கு அல்ல, வாக்குச்சீட்டு.

இப்போதைய நிலைக்கு ஒரு கணக்கு போதும். போதகர் பதவி ஆண்களுக்கே உரியது என்பதைத் தங்கள் அரசமைப்பில் இன்னும் அழுத்தமாக எழுதும் திருத்தம் 2024இல் இண்டியானாபொலிஸிலும், மறுபடி 2025இல் டல்லஸிலும் வாக்குக்கு வந்தது. இரண்டு முறையும் புதன்கிழமை. இரண்டு முறையும் 60 விழுக்காட்டைத் தாண்டியும், தேவையான மூன்றில் இரண்டு பங்கை எட்டாமல் தோற்றது. டல்லஸில் ஆதரவு 3,421, எதிர்ப்பு 2,191. அந்த ஆண்டு பதிவு செய்த மெசஞ்சர்களோ 10,000க்கும் மேல். எதிர்ப்பு அப்படியே இருக்க, இன்னும் 961 ஆதரவு வாக்குகள் கூடியிருந்தால் திருத்தம் நிறைவேறியிருக்கும். வாக்களிக்காதவர்கள் 4,000க்கும் அதிகம். அவர்கள் எல்லோரும் விருந்திலோ கண்காட்சியிலோ இருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. சிலர் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள், சிலர் விடுதி அறையில் படுத்திருப்பார்கள், சிலர் மண்டபத்தில் இருந்தபடியே வாக்களிக்காமல் விட்டிருப்பார்கள். அவர்கள் வந்து வாக்களித்திருந்தால் முடிவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் முடிவைத் தீர்மானித்த இடைவெளியைவிடப் பன்மடங்கு பெரியது வாக்களிக்காதவர் கூட்டம். நிரல் வகுப்பதை எழுத்தர் வேலை என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு பொருளை எந்தக் கிழமை, எந்த மணிக்கு வைப்பது என்பதில் யார் முடிவெடுப்பார்கள் என்பதும் பாதி அடங்கியிருக்கிறது.

பக்கத்து அறை நிகழ்ச்சிகள் எல்லாம் வெறும் பொழுதுபோக்காக முளைத்தவையும் அல்ல. அவற்றில் மிகப் பழையவை அலுவல் மண்டபத்துக்குள் விடப்படாதவர்கள் தொடங்கியவை. 1885இல் சதர்ன் பாப்டிஸ்ட் கூட்டத்துக்கு ஆர்க்கன்சாஸிலிருந்து இரண்டு பெண்கள் பிரதிநிதிகளாக வந்தபோது பெரிய சர்ச்சை எழுந்தது. ஆண்கள் மட்டுமே அமரலாம் என்று அரசமைப்பையே மாற்றினார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1888இல் ரிச்மண்ட் நகரில் கன்வென்ஷன் கூடியிருந்த அதே நாட்களில், பெண்கள் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தில் கூடித் தங்கள் மிஷனரி ஒன்றியத்தை அமைத்தார்கள். பெண்களை மறுபடி மெசஞ்சர்களாக ஏற்றது 1918இல். ஆங்கிலிகன் மரபைச் சேர்ந்த எபிஸ்கோப்பல் சபையிலும் இதே கதைதான், இன்னும் நீளமாக. அங்கே பெண்களின் துணை அமைப்பு 1871இல் தொடங்கியது. மூன்றாண்டுக்கு ஒருமுறை கூடும் பொதுமாநாட்டின்போதே அவர்களும் தனியாகக் கூடினார்கள். வீட்டுக்கு வீடு நீலப் பெட்டியில் சேரும் நன்றிக் காணிக்கையை 1889 முதல் அந்தக் கூடுகைக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். பொதுமாநாட்டின் பிரதிநிதிகள் அவையில் பெண்கள் முறையாக இடம்பெற்றது 1970இல்தான்.

இதன் விளைவு இன்றைய நிரலில் தெரிகிறது. முன்பு ஆண்கள் ஒரு மண்டபத்திலும் பெண்கள் இன்னொரு மண்டபத்திலும் இருந்ததால் நேரமோதல் என்ற பேச்சே இல்லை. இரண்டு கதவுகளும் திறந்த பிறகு ஒரே பெண் இரண்டு இடத்துக்கும் அழைக்கப்படுகிறார். பிரதிநிதியாகத் தேர்வானால் பெண்கள் கூடுகையைப் பெரும்பாலும் விட்டுவிட வேண்டும்; அந்தக் கூடுகையை நடத்தப் போனால் வாக்கு மண்டபத்தில் இருக்க முடியாது. தலைமுறை தலைமுறையாக நிதி திரட்டி, பணி செய்து, ஆட்களைப் பழக்கிய ஓர் அமைப்பை நிரல் அச்சிடுகிறவர்கள் விருப்ப நிகழ்ச்சிகளின் பத்தியில் போடுவது வரலாறு தெரிந்தவர்களுக்கு உறுத்தும்.

யூனிடேரியன் யூனிவர்சலிஸ்ட் சங்கம் இந்தச் சிக்கலை வேறு மாதிரி அனுபவித்தது. 1961இல் இரண்டு தாராளவாதத் திருச்சபைகள் இணைந்து உருவான இந்தச் சங்கம் ஒவ்வொரு ஜூன் மாதமும் பொதுப்பேரவையைக் கூட்டுகிறது. வருகிறவர்களில் கணிசமானவர்கள் பிரதிநிதிகளே அல்ல. வாக்கில்லாமல் வழிபாட்டுக்கும் பயிலரங்குக்கும் வருகிறவர்கள். காலை நேரம் முழுவதையும் அலுவலுக்குக் கொடுத்தால் அவர்களுக்கு வேலையில்லை. பயிலரங்குகளை அதே நேரத்தில் வைத்தாலோ பிரதிநிதிகள் நழுவிவிடுவார்கள். ஆகவே பொது அமர்வு நடக்கும்போது பயிலரங்கு வைப்பதில்லை என்ற வழக்கம் வந்தது. பேரவையின் ஆண்டுச் சிறப்புரையான ‘வேர் சொற்பொழிவு’ (Ware Lecture) போன்ற பெருநிகழ்ச்சிகளுக்கும் எதிராக எதையும் வைப்பதில்லை. 1966இல் ஃப்ளோரிடாவின் ஹாலிவுட் நகரில் அந்த உரையை நிகழ்த்தியவர் மார்ட்டின் லூதர் கிங். அந்த நேரத்தில் இன்னொரு அறையில் குழுக்கூட்டம் நடத்தினால் யார் போவார்கள்?

பெரிய மோதல் இப்படித் தீர்ந்ததும் சிறியது ஒன்று முளைத்தது. ஆயிரக்கணக்கானோர் உட்காரும் பொது அமர்வில் ஒவ்வொரு திருத்தத்தையும் அலசிக்கொண்டிருக்க முடியாது. அதனால் சட்டவிதி மாற்றங்களுக்கும் சமூகத் தீர்மானங்களுக்கும் முன்கூட்டியே ‘மினி அசெம்பிளி’ என்ற சிற்றவை கூடுகிறது. திருத்தம் வேண்டுகிறவர் அங்கே வந்து எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரே மாதிரியானவற்றைப் பொறுப்பாளர்கள் சேர்த்து ஒழுங்கு செய்வார்கள். அங்கே கொடுக்கப்படாத திருத்தத்தைப் பிறகு பொது அமர்வில் எழுந்து சொன்னால் எடுபடாது. இந்தச் சிற்றவைகள் நடப்பது பயிலரங்குகளுக்கு ஒதுக்கிய நேரத்தில். அதாவது வாக்களிக்கும் உரிமையைக் காப்பாற்றியாயிற்று. எதன் மீது வாக்களிப்பது என்பதை வடிவமைக்கும் உரிமை மட்டும் பயிலரங்கோடு மோதுகிறது. முதல்முறை வரும் பிரதிநிதி, சிற்றவை என்பது ஏதோ கூடுதல் விளக்கக் கூட்டம் என்று நினைத்துப் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விடுவார். நடைமுறை தெரிந்த பழையவர்கள் சிற்றவையில் இருப்பார்கள். சனநாயக நடைமுறையைத் தன் கொள்கைகளில் ஒன்றாகவே வைத்திருந்த சங்கத்துக்கு இது நெருடலான நிலைமை. சங்கம் அமைத்த ஒரு பணிக்குழு 2009இல் கொடுத்த அறிக்கை இதையும் தாண்டி அடிப்படைக்கே போனது. பெரும்பாலும் சொந்தச் செலவில் வர முடிந்தவர்களே பிரதிநிதிகளாக வருகிறார்கள் என்றும், பேரவையை ஈராண்டுக்கு ஒருமுறை கூட்டலாம் என்றும் அது சொன்னது. ஆனால் ஆண்டுதோறும் கூடும் வழக்கம் நிற்கவில்லை. நிகழ்ச்சிகளுக்காக வருகிறவர்களுக்கு அது ஆண்டுத் திருவிழா; திருவிழாவைத் தள்ளிப்போட யாருக்கும் மனம் வராது.

அலுவலைச் சுருக்கிப் பார்க்கும் சோதனை வேறொரு காரணத்தால் வந்தது. 2010 ஏப்ரலில் அரிசோனா மாநிலம் குடியேறிகளுக்கு எதிரான கடுமையான சட்டம் ஒன்றை இயற்றியது. சங்கமோ 2012 பேரவைக்கு அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரை ஏற்கெனவே ஒப்பந்தம் செய்திருந்தது. புறக்கணிப்பதா, போவதா என்று மினியாபொலிஸில் கூடிய 2010 பேரவை விவாதித்தது. போவோம், ஆனால் சட்டவிதிகள் கட்டாயப்படுத்தும் அலுவலை மட்டும் வைத்துக்கொண்டு மீதி நேரம் முழுவதையும் நீதிக்கான பணிக்குக் கொடுப்போம் என்று முடிவானது. அப்படியே நடந்தது. உள்ளூர் குடியேறிகள் அமைப்புகளோடு சேர்ந்து நிகழ்ச்சிகள் வகுக்கப்பட்டன. அந்தப் பகுதியின் காவல் தலைவரான ஷெரிஃப் ஜோ அர்பையோவின் கூடாரச் சிறைக்கு வெளியே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இரவில் திரண்டார்கள். சுருக்கிய அலுவலுக்குள்ளும் ஒரு கனமான பொருள் இடம்பிடித்தது. பூர்வகுடிகளின் நிலத்தை ஐரோப்பியர் பறித்ததை நியாயப்படுத்திய ‘கண்டுபிடிப்புக் கோட்பாட்டை’ நிராகரிக்கும் தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. கூட்டமும் நிகழ்ச்சியும் ஒரே பொருளைப் பற்றியதாக இருந்தால் இழுபறி பெருமளவு குறையும் என்று ஃபீனிக்ஸ் காட்டியது. ஆனால் அதை ஆண்டுதோறும் செய்ய முடியாது. தள்ளிப்போட்ட அலுவல் அடுத்த ஆண்டு வாசலில் நிற்கும்.

எபிஸ்கோப்பல் சபைக்குச் சுருக்கும் கட்டாயத்தைக் கொரோனா கொடுத்தது. பேராயர்கள் அவை, பிரதிநிதிகள் அவை என்று ஈரவை கொண்ட அமைப்பு அது. ஒரு தீர்மானம் இரண்டிலும் ஒரே வாசகத்தில் நிறைவேற வேண்டும். ஓர் அவையில் வீணாகும் ஒரு மணி நேரம் மற்ற அவையையும் முடக்கும். 2021இல் நடந்திருக்க வேண்டிய பொதுமாநாடு 2022 ஜூலைக்குத் தள்ளிப்போய், பால்டிமோர் நகரில் நான்கே நாட்கள் நடந்தது. குழு விசாரணைகள் மாதக்கணக்கில் முன்னதாகவே இணையவழியில் முடிந்தன. கண்காட்சி இல்லை, விருந்துகள் இல்லை, பார்வையாளர் கூட்டமும் இல்லை. மோதுவதற்கு எதிரில் எதுவும் இல்லாத மாநாடு. வேலை முடிந்தது என்பது உண்மைதான். ஆனால் தாழ்வாரத்தில் சந்தித்துப் பேசுவதும், புத்தகக் கடையில் நின்று வாதிடுவதும் இல்லாமல் வந்து வாக்களித்துவிட்டுப் போனது பலருக்கு வெறுமையாக இருந்தது. மறு ஆண்டு ஜூலையில் அதே பால்டிமோரில், அலுவலே இல்லாமல் வழிபாடும் பயிலரங்குமாக ஒரு தனி விழாவைச் சபை நடத்தியது. மாரமண் வழிக்கு அது ஓரளவு வந்துவிட்டது எனலாம். 2024இல் லூயிவில்லில் கூடிய பொதுமாநாடு ஆறு நாட்கள் நடந்தது. குழு வேலையில் பெரும்பகுதி இணையவழியிலேயே நிலைத்துவிட்டது. கண்காட்சி அரங்கு திரும்பி வந்தது.

நேரத்தை மிச்சம் பிடிக்கத் திருச்சபைகள் சில கையாளும் இன்னொரு கருவி ஒப்புதல் பட்டியல். குழுவில் பெரும் ஆதரவு பெற்ற தீர்மானங்களை மொத்தமாகக் கட்டி, விவாதமின்றி ஒரே வாக்கில் நிறைவேற்றுவது. சில்லறைப் பொருள்களுக்கென்று வந்த ஏற்பாடு இது. ஆனால் 2024 மே 1 அன்று சார்லட் நகரில், யுனைடெட் மெதடிஸ்ட் சபை ஓரினச் சேர்க்கையாளர் போதகராவதற்கு இருந்த தடையை நீக்கியது இந்தப் பட்டியல் வழியாகத்தான். பல பத்தாண்டுகள் சபையைப் பிளந்த பொருள், 692க்கு 51 என்ற கணக்கில், அவையில் விவாதமே இல்லாமல் முடிந்தது. எதிர்த்தவர்களில் பலர் அதற்கு முன்பே சபையை விட்டு விலகியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எப்படியிருந்தாலும், ஒப்புதல் பட்டியல் வாசிக்கப்படும் நேரத்தில் காப்பி குடிக்கப் போவது இனிமேல் பாதுகாப்பான பழக்கமல்ல.

குவேக்கர்கள் நிலைமை தனி. அவர்களுடைய ஆண்டுக்கூட்டங்களிலும் பயிலரங்குகள் உண்டு. ஆனால் வாக்கெடுப்பு கிடையாது. அலுவலும் வழிபாடாகவே நடக்கிறது. மௌனத்தில் அமர்ந்து, பேச எழுகிறவர்களைக் கேட்டு, அவையின் மனம் எங்கே நிற்கிறது என்பதை எழுத்தர் ஒரு குறிப்பாக எழுதி வாசிப்பார். அவை ஏற்றால் அதுவே முடிவு. இங்கே வராதவரின் இழப்பு ஒரு வாக்கு மட்டுமல்ல. ஒருவர் எழுந்து சொல்லும் தயக்கமே முடிவை நிறுத்தி வைக்கக்கூடும் என்பதால், அவர் பக்கத்து அறையில் இருந்தார் என்பதற்கு வாக்குக் கணக்கில் வராத கனம் உண்டு.

இணையவழிப் பங்கேற்பு வந்ததும் பழைய மோதல் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். யூனிடேரியன் சங்கம் தொலைவிலிருந்து வாக்களிக்கும் பிரதிநிதிகளைக் கொரோனாவுக்கு முன்பே அனுமதித்திருந்தது. 2020 பேரவை முழுக்க இணையத்தில் நடந்தது; 2024 பேரவையும் அப்படியே. சங்கத்தின் கொள்கை அறிக்கையை மாற்றி எழுதிய பெரிய திருத்தம் அந்த 2024 பேரவையில், 80 விழுக்காட்டுக்கும் சற்று அதிகமான ஆதரவோடு நிறைவேறியது. பயிலரங்குகளின் ஒளிப்பதிவை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் அலுவல் நேரத்தோடு அவை மோத வேண்டியதில்லை. மோதல் வேறிடத்துக்குப் போயிற்று. மண்டபத்துக்குப் பயணம் செய்து வந்தவருக்கு அந்த நாட்கள் மாநாட்டுக்கே உரியவை. வீட்டில் திரைக்கு முன்னால் இருப்பவருக்கு அலுவலகமும் பிள்ளைகளும் அடுப்பும் அதே நேரத்தில் காத்திருக்கின்றன. கிழக்குக் கரையில் நண்பகலில் தொடங்கும் அமர்வு ஹவாயில் விடியற்காலை ஆறு மணி. இதைச் சமாளிக்கச் சில அமைப்புகள் விவாதத்தை ஒருநாள் வைத்து, வாக்குப்பதிவைப் பல மணி நேரமோ சில நாட்களோ திறந்து வைக்கத் தொடங்கியுள்ளன. விவாதத்தைக் கேட்காதவரும் வாக்களிக்கலாம் என்பது இதன் வசதி. விவாதம் எதற்கு என்று கேட்க வைப்பதும் இதுவே. ராபர்ட் வகுத்த நடைமுறை வாக்கெடுப்பை விவாதத்தின் தொடர்ச்சியாகக் கருதி எழுதப்பட்டது. இரண்டையும் பிரித்து நடத்தும் திருச்சபைகள் அதற்கான விதிகளை ஒவ்வொரு கூட்டத்துக்கும் தாங்களாகவே எழுதிக்கொண்டு வருகின்றன.